நீர்மட்டம் பார்த்துப் புறப்படுங்கள்

வைகை 71 அடி. பெரியாறு 142. மஞ்சளாறு 57. சோத்துப்பாறை 126.28. தென்மாவட்டச் செய்தித்தாள்களின் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் இந்த அணைகளின் பெயர்கள் வரிசையாக வரும். இங்கே எழுதியிருப்பது தேக்கக்கூடிய உயரம். அதன் பக்கத்திலேயே அன்று காலை நின்ற உயரமும் இருக்கும். மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டியைத் தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறி இறங்கினால், அந்தப் பெட்டியை மனப்பாடமாகச் சொல்பவர்களை டீக்கடைக்கு ஒருவர் வீதம் பார்க்கலாம். "டேம் எத்தனை அடி நிக்குது?" என்பது இங்கே நலம் விசாரிப்புக்கு அடுத்த கேள்வி. பல நாள் அதுவே முதல் கேள்வி.

தேனி, தமிழ்நாட்டின் தென்மேற்குப் பகுதியில் இருக்கும் வணிக நகரம். அதற்குக் கிழக்கே வைகை அணை. தென்மேற்கே கம்பம் பள்ளத்தாக்கு. எங்கே சாப்பிடுவது, என்ன வாங்குவது, எங்கே தங்குவது, எங்கெல்லாம் போய்வருவது என்று இந்தப் பகுதியைப் பற்றி என்னிடம் கேட்பவர்களுக்கு நான் கடைப்பெயர்களின் பட்டியல் கொடுப்பதில்லை. முதலில் நீர்மட்டத்தைப் பாருங்கள் என்பேன். இந்தப் பள்ளத்தாக்கில் வாய்க்கு ருசியான எதுவும், கைக்கு வாங்கும் எதுவும், கண்ணுக்குக் காட்சியான எதுவும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் எண்களோடு கட்டுண்டு கிடக்கிறது. அந்தக் கட்டு எப்படி விழுந்தது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

தண்ணீரைப் பார்க்கப் புறப்பட்டுப் போவது வைகைக்கரை மக்களுக்குப் புதிதல்ல. சங்க நூலான பரிபாடலில் இன்று முழுமையாகக் கிடைக்கும் 22 பாடல்களில் 8 வையையை, அதாவது வைகையைப் பற்றியவை. மலையில் மழை பெய்து புதுப்புனல் வந்துவிட்டது என்று கேட்டதும் மதுரையே கரைக்கு ஓடுகிறது. யானையிலும் குதிரையிலும் வண்டியிலும் நடந்தும் போகிறார்கள். சந்தனம், பூ, புகை என்று கை நிறையக் கொண்டுபோகிறார்கள். பொன்னால் செய்த மீனையும் நண்டையும் நீரில் விடுகிறார்கள். ஊடலும் கூடலும் கள்ளும் கடைவீதியும் அங்கே உண்டு. உண்ணல், உடுத்தல், வாங்கல், ஆடல் எல்லாம் ஒரு நாளில் ஓர் ஆற்றங்கரையில் நடக்கும் உலாவைத் தமிழில் இவ்வளவு விரிவாகச் சொன்ன முதல் இலக்கியம் அதுதான் என்பது என் எண்ணம். அந்தப் பாடல்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீர்தான் ஊரைத் தேடி வருகிறது. எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. வந்தவுடன் ஓடத்தான் முடியும்.

1959 ஜனவரியில் அது தலைகீழானது. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் ஆண்டிபட்டிக்கு அருகே கட்டி முடிக்கப்பட்ட வைகை அணை, ஆற்றின் வருகையை மதகுக்குப் பின்னால் நிறுத்தியது. அணையின் உயரம் 111 அடி. அதில் 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். முழுக் கொள்ளளவு சுமார் 6,091 மில்லியன் கன அடி. மேட்டூரோடு ஒப்பிட்டால் பதினைந்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டங்கள் இந்தத் தண்ணீரை எதிர்பார்த்து நிற்கின்றன. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்குவதற்குக்கூட இப்போது இந்த மதகைத் திறந்துதான் தண்ணீர் விடுகிறார்கள். புதுப்புனல் விழாவின் தேதி மலையின் கையிலிருந்து அரசாணையின் கைக்கு வந்துவிட்டது. ஊரைத் தேடி நீர் வந்த காலம் போய், நீரைத் தேடி ஊர் மேற்கே போகத் தொடங்கியது. மதுரை ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறி, ஆண்டிபட்டியில் இறங்கி, மேலும் 7 கிலோமீட்டர். கையில் புளிச்சோற்றுத் தூக்கு. ஒரு தலைமுறைக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுதான்.

அந்தத் தண்ணீர் யாருடையது என்று தெரிந்துகொள்ளாமல் அணைக்கரையில் நிற்பது பாதி பார்த்ததாகவே இருக்கும். வருசநாட்டு மலையில் பிறந்து வரும் ஆற்றுக்கு இங்கே மூல வைகை என்று பெயர். வடகிழக்குப் பருவமழையில் பொங்குவாள், கோடையில் மணலாகக் கிடப்பாள். அவளோடு தேனியருகே வந்து சேர்வது முல்லையாறு. அதில் வருவது, மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய நீர். 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. பொறியாளர் பென்னிகுவிக் தலைமையில் வேலை நடந்து 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. அந்த அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. தென்மேற்குப் பருவமழை பெரியாறு வழியாகவும், வடகிழக்குப் பருவமழை மூல வைகை வழியாகவும் ஒரே குளத்துக்கு வருவதால், வைகை அணைக்கு ஆண்டில் இரண்டு நிறைவுகாலம் வாய்த்திருக்கிறது. இரண்டும் பொய்த்த ஆண்டுகளும் உண்டு.

2017 ஏப்ரல் அப்படிப்பட்ட கோடை. ஆவியாவதைத் தடுக்க அணைநீரில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள். அவை காற்றில் கரையொதுங்கின. நாடே சிரித்தது. நான் அந்தச் சிரிப்பில் சேர மாட்டேன். வழி தவறு, ஆனால் கவலை உண்மை. ஆழம் குறைந்து பரந்து கிடக்கும் நீர்த்தேக்கம் கோடையில் எவ்வளவு நீரை வெயிலுக்குக் கொடுக்கிறது என்பதை, அடியில் படிந்த வண்டல் ஆண்டுதோறும் எவ்வளவு இடத்தை விழுங்குகிறது என்பதோடு சேர்த்து யோசிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

அணையின் முன்னால் இரு கரையிலும் பூங்கா. மைசூருக்குப் பக்கத்தில் கிருஷ்ணராஜசாகர் அணையின் கீழே 1932இல் பிருந்தாவன் தோட்டம் அமைந்த பிறகு, அணை கட்டினால் கீழே ஒரு தோட்டம் போட வேண்டும் என்பது தென்னிந்தியப் பொறியாளர்களுக்குக் கிட்டத்தட்ட விதியாகிவிட்டது. வைகை அணைப் பூங்காவை 'சின்ன பிருந்தாவனம்' என்று சொல்வதும் அதனால்தான். நீரூற்று, சிலைகள், குழந்தைகளுக்கான ரயில், ஊஞ்சல் எல்லாம் உண்டு. வலக்கரைப் பூங்காவையும் இடக்கரைப் பூங்காவையும் ஆற்றின் குறுக்கே ஒரு தாழ்வான தரைப்பாலம் இணைக்கிறது. எனக்கு இந்த இடத்தில் மிகவும் பிடித்தது அதுதான். மதகிலிருந்து தண்ணீர் குறைவாக வரும்போது பாலத்தின் மேல் நடந்து, காலுக்குக் கீழே நீர் போவதைப் பார்க்கலாம். அதிகமாகத் திறந்தால் பாலம் மூழ்கிவிடும். அக்கரைக்குப் போக முடியாது. பூங்காவுக்குள்ளேயே ஓர் அளவுகோல் வைத்தது போல.

இங்கே எல்லோரும் மகிழ்ந்து நடக்கும் இடத்துக்கு மேலே, தண்ணீருக்கு அடியில், ஊர்கள் இருந்தன. அணைக்காக வீடும் காடும் விட்டுப் போனவர்களின் கதையை வைரமுத்து 'கள்ளிக்காட்டு இதிகாசம்' ஆக எழுதினார்; 2003இல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அவருடைய குடும்பமும் அப்படிப் பெயர்ந்து வடுகபட்டிக்குப் போனதுதான். அந்த நாவலைப் படித்தவர்கள் படகுத்துறைப் பக்கம் போய் நின்றால் சற்று நேரம் பேச மாட்டார்கள். அந்த மௌனத்தையும் இந்த ஊர்ப் பயணத்தின் பகுதியாகவே நான் வைக்கிறேன். பூங்கா நுழைவாயிலில் அந்த ஊர்களின் பெயர்களை ஒரு கல்லில் பொறித்து வைத்தால், நாள்தோறும் வருகிற ஆயிரம் பேரில் நூறு பேராவது நின்று படிப்பார்கள். இது என் நெடுநாள் ஆசை.

சரி, சாப்பாடு. வைகை டேம் என்றால் மீன். மேற்கொண்டு பேச்சில்லை. மீன்வளத் துறையின் மீன்விதைப் பண்ணை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளை வளர்த்துத் தேக்கத்தில் விடுகிறார்கள். இவை தவிர, யாரும் கேட்காமலே பெருகும் ஜிலேபி கெண்டை. வைகை மீன் என்று ஊர் வாயில் நுழைந்தது பெரும்பாலும் இந்த ஜிலேபிதான். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இது 1950களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. உள்நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துவிட்டது என்ற வருத்தம் மீனியலாளர்களுக்கு உண்டு. ஏழைக்கு எட்டும் விலையில் மீன் கிடைப்பதற்குக் காரணமும் அதுவே. இரண்டும் உண்மை.

பரிசலில் போய் வலை போட்டு எடுத்து வந்த மீனைச் செதிலுரசி, இரு பக்கமும் கத்தியால் கீறி, மிளகாய்த்தூளும் உப்பும் இஞ்சி பூண்டு விழுதும் கீறலுக்குள் இறங்கத் தடவி, அகலமான கல்லில் எண்ணெய் விட்டுப் போடுகிறார்கள். திருப்பிப் போடும்போது தோல் கல்லில் ஒட்டாமல் வர வேண்டும். அதில்தான் கைப்பழக்கம் தெரியும். முள் அதிகம். குழந்தைக்கு ஊட்டுகிறவர்கள் வாலுக்கு மேலே உள்ள சதையைத் தவிர்த்து நடுத்துண்டில் பிரித்துக் கொடுப்பார்கள். கட்லாவின் தலை புளிக்குழம்புக்குப் போகும். அன்று பிடித்த மீனா என்று எப்படித் தெரிந்துகொள்வது? செவுளைத் தூக்கிப் பாருங்கள், கண் தெளிவாக இருக்கிறதா பாருங்கள். அதற்கு முன் நீர்மட்டத்தைப் பாருங்கள். தண்ணீர் வற்றி ஒடுங்கும் சித்திரை வைகாசியில் மீன் ஓரிடத்தில் சேர்ந்து வலைக்கு எளிதாக அகப்படும். அணை நிறைந்து பரந்துவிட்டால் தேடிப் போக வேண்டும், வரத்து குறையும். பூங்காவுக்கு ஏற்ற நாளும் மீனுக்கு ஏற்ற நாளும் ஒன்றாக அமைவது குறைவு.

மேற்கே போகப் போக இலையில் விழுவது மாறும். உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் ராவுத்தர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்வதால் பிரியாணிக்கும் இறைச்சிக்கும் அங்கே தனி மரியாதை. கூடலூரைத் தாண்டி குமுளி மலைப்பாதை நெருங்கும்போது புட்டும் கடலையும் தென்படும். ராத்திரி பரோட்டா எங்கும் உண்டு. பெரிய நகரத்து உணவக வரிசையை எதிர்பார்த்து வருபவருக்கு இங்கே அதிகம் இல்லை. சந்தை நாளன்று சந்தைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்காருங்கள் என்பதே நான் சொல்லக்கூடியது. சுமை இறக்குபவர்களும் வியாபாரிகளும் சாப்பிடும் இடத்தில் சோறு ஆறியிருக்காது.

வாங்குவதற்கு வருவோம். கம்பம் பள்ளத்தாக்கில் யாரிடம் பேசினாலும் 14,707 என்ற எண் வரும். லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் நிலத்தின் ஏக்கர் கணக்கு அது. நீர் இருக்கும் ஆண்டில் ஜூன் முதல் தேதி மதகு திறக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அந்த எண்ணுக்குள் இருப்பது நெல். அதற்கு மேல் மேட்டில் கிணற்றுப் பாசனத்தில் திராட்சை, வாழை, தென்னை. மலையில் ஏலம், காபி, தேயிலை. பள்ளத்தாக்கின் கடைத்தெரு இந்தப் படிக்கட்டின்படியே அமைந்திருக்கிறது. எந்த உயரத்தில் என்ன விளைகிறதோ, அதற்கு நேர் கீழே உள்ள ஊர் அதன் சந்தை.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இந்தக் கொடி சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி பக்கங்களில் கல்தூண் பந்தலில் படர்ந்து நிற்கிறது. மற்ற இடங்களில் திராட்சைக்கு ஒரு பருவம். இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து செய்யும் மாதத்தை மாற்றி வைத்துக்கொள்வதால் ஆண்டு முழுதும் எங்காவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து பந்தலுக்குள் நின்று படமெடுத்துவிட்டு, கூடையோடு திரும்புகிறார்கள். தோட்டக்காரர்கள் வாசலிலேயே பழச்சாறு கொடுக்கிறார்கள். பந்தலுக்கு அடியில் குனிந்து நடக்க வேண்டும்; குலையைத் தொடும்போது பழத்தின் மேலுள்ள வெண்பூச்சு கலையக் கூடாது. அதைக் கலைக்காமல் நறுக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். விதையில்லாத திராட்சை வேண்டுமானால் ஓடைப்பட்டி.

சின்னமனூர் வெற்றிலைக்குப் பெயர் போனது. சீலையம்பட்டியில் பூச்சந்தை. பெரியகுளத்தில் கோடையில் மாம்பழம்: காசா, செந்தூரம், கல்லாமை. வடுகபட்டியில் பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டும் வடநாட்டுப் பூண்டும் இங்கேதான் வந்து தரம் பிரிந்து தென்னிந்தியா முழுக்கப் போகின்றன. சந்தை நாளன்று அந்த ஊருக்குள் நுழையும் முன்பே மூக்கு வழி காட்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு சற்று மங்கலான நிறம், காரம் தூக்கல், நீண்டநாள் கெடாது. வெளுத்துப் பருத்திருப்பதை மலைப்பூண்டு என்று கொடுத்தால் தயங்குங்கள்.

போடிநாயக்கனூரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஏலம் விளைவது பெரும்பாலும் மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தில். ஆனால் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலமையங்களில் ஒன்று போடியில் இருக்கிறது. ஏலக்காய்க்கு ஏலம் விடும் ஊர் என்று குழந்தைகளிடம் சொன்னால் அந்தச் சொல்விளையாட்டை உடனே பிடித்துக்கொள்வார்கள். 8 மில்லிமீட்டருக்கு மேல் பருமன், பச்சை மாறாத நிறம், ஆட்டினால் உள்ளே விதை குலுங்காத நிறைவு, இவையே உயர்ந்த தரத்துக்கு அடையாளம். அந்தக் காய்க்காக ஒவ்வொரு விடியலிலும் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறும் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், அதை ஆயிரக்கணக்கில் பறித்துவிட்டு இருட்டும்போது இறங்குகிறார்கள். மலைப்பாதையில் மூட்டை சுமந்தவர்களின் வாழ்க்கையை லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018இல் திரையில் காட்டியது. போடிக் கடையில் ஏலக்காய்ப் பொட்டலத்தைக் கையில் வாங்கும் எவரும் அந்தப் படத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

போடியில் வாங்க வேண்டிய இன்னொன்று இலவம்பஞ்சு. வருசநாட்டுப் பக்கமும் போடி மலையடிவாரத்திலும் காய்க்கும் இலவங்காயை வெயிலில் உலர்த்தி, விதை நீக்கி, மெத்தையும் தலையணையும் தைக்கிறார்கள். உடல் சூட்டை ஏற்காத பஞ்சு. ரப்பர் மெத்தை வந்து இந்தத் தொழிலை நெருக்கிவிட்டது. ஒரு தலையணை வாங்கிப் பாருங்கள். பிறகு நீங்களே கேட்டு வருவீர்கள். ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரத்தில் நெசவு, பருத்திச் சேலைகள். எல்லாவற்றையும் ஓரிடத்தில் பார்க்க வேண்டுமானால் தேனி ஞாயிறு வாரச்சந்தை. மலையிலிருந்து இறங்கியதும் வயலிலிருந்து ஏறியதும் ஒரே தரையில் சாக்கு விரித்துக் கிடக்கும். எங்கே மழை, எங்கே வறட்சி என்பதைத் தக்காளி விலையே சொல்லிவிடும்.

தங்குவது இந்த ஊர்க் கதையின் மெலிந்த பக்கம். வைகை அணையில் பொதுப்பணித் துறையின் ஆய்வு மாளிகை உண்டு. அது அலுவலர்களின் தேவைக்காக எழுந்தது. சுற்றுலாப் பயணி இரவு தங்க அணைக்கரையில் இடம் மிகக் குறைவு. அமெரிக்காவின் தென்மேற்கில் ஹூவர் அணைக்குப் பின்னால் தேங்கிய மீட் ஏரி 1964இல் அந்நாட்டின் முதல் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியானது. கட்டுமானத் தொழிலாளர்களுக்காக எழுந்த போல்டர் சிட்டி, இன்று தனி நகரம். வைகையில் அப்படி எதுவும் நிகழவில்லை. ஏனென்றால் இது ஒருநாள் உலாவின் இடம். 70 கிலோமீட்டரில் மதுரை, இருட்டுவதற்குள் வீடு. இதைக் குறையாக நான் கருதவில்லை. மீட் ஏரியில் நீர் வற்றியபோது படகுத்துறைகள் சேற்றில் நின்றன, இடம் மாற்றி மாற்றி அலைந்தார்கள். நீர்மட்டம் 30 அடிக்கும் 70 அடிக்கும் நடுவில் ஊசலாடும் ஒரு குளத்தின் கரையில் விடுதிகளைக் குவிப்பது அறிவுடைமையாகாது.

ஆகவே இரவு தேனியில். கம்பத்துக்கும் போடிக்கும் பெரியகுளத்துக்கும் மதுரைக்கும் சாலை பிரியும் ஊர் என்பதால் தங்கும் விடுதிகள் இங்கேதான் அதிகம். தேனியின் பழைய பேருந்து நிலையத்துக்குக் காமராஜர் பெயர். புதியதற்குப் பென்னிகுவிக் பெயர். வைகை அணை எழுந்த ஆட்சியின் முதல்வரும் பெரியாற்று அணையைக் கட்டியவரும் ஓர் ஊரின் இரு வாசல்களில் நிற்கிறார்கள். தண்ணீர் தந்தவர்களை இந்த மண் மறப்பதில்லை. ரயிலும் திரும்ப வந்துவிட்டது. 1928இல் தொடங்கி, போர்க்காலத்தில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, மீண்டும் போடப்பட்டு, அகலப்பாதைக்காக 2010இன் இறுதியில் நின்றுபோன மதுரை–போடி ரயில், 2022 மே மாதம் தேனி வரையும் 2023 ஜூனில் போடி வரையும் ஓடத் தொடங்கியது. ஆண்டிபட்டிக் கணவாயை ரயில் ஜன்னலிலிருந்து பார்ப்பதற்காகவே ஒரு முறை அதில் வரலாம்.

குளிர் வேண்டுபவர்கள் மேகமலைக்குப் போகிறார்கள். சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள், வளைவுக்கு ஒரு பூவின் பெயர். மேலே தேயிலைத் தோட்டமும் நீர்த்தேக்கங்களும். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இரவில் சோதனைச்சாவடி அடைக்கப்படும். இந்தக் கட்டுப்பாடுகளைச் சலிப்போடு பேசுபவர்களிடம் நான் குரங்கணியைச் சொல்வேன். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் அந்தப் புல்வெளி எப்படிக் காயும் என்று உள்ளூரில் மாடு மேய்ப்பவருக்குத் தெரியும். 2023 மே கடைசியில் அரிக்கொம்பன் யானை கம்பம் தெருவில் நடந்தது. ஜூன் 5 அன்று பிடித்துக் கொண்டுபோகும் வரை சுருளியும் மேகமலையும் பயணிகளுக்கு மூடியிருந்தன. காடு எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு இங்கே யானையும் மனிதரும் ஒரே பதிலைச் சொல்வதில்லை.

அருவிகள் இரண்டு முக்கியம். பெரியகுளத்துக்கு அருகே கும்பக்கரை. கொடைக்கானல் மலையிலிருந்து வரும் பாம்பாறு பாறைகளில் சறுக்கி விழுகிறது. கம்பத்துக்கு அருகே சுருளி. இரண்டிலும் நுழைவு வனத்துறையின் கையில். மேலே மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் இறங்கிவிடும். அதனால் ‘குளிக்கத் தடை’ என்ற பலகையைப் பார்த்தால் வாதாட வேண்டாம். சுருளி வெறும் குளியல் இடமுமல்ல. ஆடி, தை அமாவாசைகளில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க வருவோரின் கூட்டம் விடியும் முன்பே நிறைந்துவிடும். உல்லாசமும் துக்கமும் ஒரே நீரில் இறங்குகின்றன, ஒருவருக்கொருவர் இடம் விட்டு.

நாள்காட்டியில் குறித்துக்கொள்ள மூன்று நாட்கள். ஜனவரி 15 பென்னிகுவிக் பிறந்த நாள். தைப் பொங்கலோடு சேர்ந்து வருவதால் பள்ளத்தாக்கு ஊர்களில் அவர் படத்துக்கு முன்னால் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013இல் திறந்த அவர் மணிமண்டபத்துக்கு அன்று மாலையோடு போகிறார்கள். சித்ரா பௌர்ணமி, மலையுச்சியில் தமிழக–கேரள எல்லையில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோட்டம் ஆண்டில் ஒரே ஒரு நாள் பக்தர்களுக்குத் திறக்கும் நாள். பளியன்குடி வழியாக நடந்து ஏறுபவர்களுக்குக் கால் வலிக்கும். மேலே நின்று கிழக்கே பார்த்தால் பள்ளத்தாக்கு முழுதும் ஒரே பார்வையில் விரியும். சித்திரைக் கடைசியில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. முல்லையாற்றங்கரையில் அக்கினிச்சட்டியும் முளைப்பாரியும் ராட்டினமும் கடைகளும் இரவு பகலாக. பரிபாடல் சொன்ன ஆற்றங்கரைக் கொண்டாட்டம் எங்கே போயிற்று என்று தேடுபவர்கள் மதுரையில் தேட வேண்டாம், வீரபாண்டிக்கு வாருங்கள். ஆறு, கூட்டம், தீனி, ஊடல், வேண்டுதல், எல்லாம் அப்படியே இருக்கின்றன.

எந்த மாதம் வரலாம் என்று ஒரே பதில் கேட்பவர்களுக்கு: மீனுக்கும் மாம்பழத்துக்கும் கோடை. நாற்றுப் பச்சைக்கு ஆடி. நிறைந்த அணைக்கு ஐப்பசி, கார்த்திகை. மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாது, முயலவும் வேண்டாம்.

ஐப்பசி கார்த்திகையில் வருகிறவர்கள் அந்தச் செய்தித்தாள் பெட்டியைக் கட்டாயம் பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும். நீர்மட்டம் 66 அடி தொட்டால் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை. 68.5இல் இரண்டாவது. 69இல் மூன்றாவது, அதன்பின் உபரி நீரைத் திறப்பார்கள். அன்று பூங்காவின் தரைப்பாலம் மூழ்கியிருக்கும், காவலர் கயிறு கட்டியிருப்பார், பிள்ளைகள் முகம் சுருங்கும். நீங்கள் திரும்பிப் போய்விடாதீர்கள். அணைக்குக் கீழே பாதுகாப்பான தூரத்தில் சாலையோரம் நில்லுங்கள். கலங்கிய செந்நீரும் தெளிந்த நீரும் ஒன்றாகிப் போவதைப் பாருங்கள். ஒன்று வருசநாட்டு மண், இன்னொன்று மலைக்கு அப்பால் பெய்த மழை. அது பேரணையில் ஒரு பங்கைக் கால்வாய்க்குக் கொடுத்து, மதுரையின் பாலங்களுக்குக் கீழே போய், விரகனூரையும் பார்த்திபனூரையும் தாண்டி, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் கரை தொட நிற்கும். அங்கே ஒரு விவசாயி காலையில் பேப்பரை விரித்து, வைகை எத்தனை அடி என்று பார்த்துக்கொண்டிருப்பார்.